பூனை மேல போட்ட கேசு

தாயி,

முந்தாநாள் ராத்திரி நீ போன்ல வச்ச ஒப்பாரிய ஒங்க அப்பத்தா முழுசாக் கேட்டுட்டு, "யாருக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரில சேத்தாச்சா?"ன்னு பதறிட்டா. "ஒண்ணுமில்ல, பேத்தி வீட்டு மணி பிளான்ட் கொடி மஞ்சளாப் போச்சாம்"ன்னேன். "இதுக்கா இந்தக் கத்து?"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் போச்சு. நாப்பத்தஞ்சு வருசமாக் கொடிக்கால் வச்சிருக்கிறவன் பேத்தி, வீட்டுக்குள்ள ஒத்தக் கொடியக் காப்பாத்தத் தெரியாம அழுகுறான்னு சோழவந்தான்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா, நான் துண்டத் தலையில போட்டுக்கிட்டுத்தான் வெத்தலை மண்டிக்குப் போகணும். அதான் காகிதத்துல எழுதுறேன். போன்ல சொன்னா நீ "உம், உம்"முன்னுக்கிட்டே இன்னொரு கையில வேற எதையோ தடவிக்கிட்டிருப்ப.

ஒன் புகார் ரெண்டு. ஒண்ணு, இலை மஞ்சளாகி உதிருது. ரெண்டாவது, நீளமாத் தொங்குன கொடியோட நுனிய எதுவோ கடிச்சுத் துண்டாக்கிருச்சு. அந்தக் கேசுல நீயாவே பூனையக் குத்தவாளின்னு தீர்ப்புச் சொல்லி, ஒரு நாள் பாலையும் நிறுத்திப்புட்ட. பூனை கேசக் கடைசில எடுத்துக்குவோம். வாயில்லாச் சீவன், வாய்தா கேக்காது.

மொதல்ல மஞ்சள்.

ஒன் வீட்டுக்கு வந்து தங்கின பத்து நாளும் நான் கண்ண மூடிக்கிட்டா இருந்தேன்? மூணாம் நாள், நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பெறகு, சின்னவன் தூங்குற நேரம் பாத்து, ஒன் வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தேன். ஆயிரத்து இருநூறு ரூவான்னு பெருமையாச் சொன்னியே, அதேதான். நம்ம வீட்டுல சோறாக்குற பானைக்கே அம்புட்டு வெலை கிடையாது. உள்ள இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியத் தூக்குனேன் பாரு, 'சளக்'குன்னு ஒரு சத்தம். அடியில ரெண்டு விரக்கடைத் தண்ணி. அதுல நாலஞ்சு கொசுப்புழு நீச்சல் பழகிக்கிட்டு இருந்துச்சு. மோந்து பாத்தா அடைச்சுக்கிட்ட சாக்கடை வாடை. மண்ணுக்குள்ள விரல விட்டு ஒரு வேரப் பைய இழுத்தேன். நல்ல வேருன்னா வெள்ளையா, மொளைகட்டுன பயறு வாலு மாதிரி வெறைப்பா நிக்கணும். இது காப்பித்தூள் நெறத்துல கொழகொழன்னு இருந்துச்சு. மேல்தோல் மட்டும் உறை கழண்ட மாதிரி என் விரலோட வந்துருச்சு. உள்ளருந்த நரம்பு நூலாட்டம் அங்கயே நின்னுச்சு. இதுக்குப் பேரு வேர் அழுகல். தொட்டியத் திருப்பிப் பாத்தா அடியில ஒரு ஊசிமொனை ஓட்டை கூட இல்ல. சோத்துப் பானைக்கு ஓட்டை இருந்தா வீட்டுக்கு ஆகாது, செடித் தொட்டிக்கு ஓட்டை இல்லாட்டிச் செடிக்கு ஆகாது. படிச்ச புள்ளைக்கு இது தெரியாமப் போச்சே.

அம்புட்டுத் தண்ணிய யாருதான் ஊத்துறாகன்னு மறுநாள் முழுக்க வேவு பாத்தேன். காலைல எட்டு மணிக்கு ஒன் போன் 'டிங்'குன்னு அடிக்கும், நீ ஓடி வந்து ஒரு சொம்பு ஊத்துவ. போனுக்குத் தாகமெடுத்தாச் செடிக்கு ஊத்துற ஊரு ஒங்க ஊருதான். மத்தியானம் சமைக்க வர்ற அம்மா, சத்துன்னு சொல்லி அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்துவாக. ராத்திரி மாப்பிள்ளை வந்து, ஆபீசுக்குக் கொண்டு போன பாட்டில்ல மிச்சமிருக்கிறத "வீணாக்கக் கூடாது தாத்தா"ன்னு அதுலயே கவுப்பாரு. மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடுறதில்ல. பத்தாக்குறைக்கு ஒங்க அப்பத்தா, சாப்ட்ட கையக் கழுவ அடுப்படி வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு, ரெண்டு தடவ அதுலயே கை நனைச்சத நான் கண்ணால பாத்தேன். அவ காதுக்கு இது போக வேணாம்.

வேரும் மூச்சு விடணும் தாயி. மண்ணுல இருக்கிற சின்னச் சின்னச் சந்துல காத்து நிக்கிது, அதத்தான் வேரு இழுக்குது. அந்தச் சந்தெல்லாம் தண்ணி ரொம்பிருச்சுன்னா மூச்சு முட்டும். மூச்சு முட்டுன வேருல பூஞ்சாணம் ஏறும், அழுகும். அழுகுன வேரு தண்ணி உறிஞ்சாது. அப்ப மேல இலை தொவண்டு போகும். நீ என்ன நெனைப்ப? ஐயோ, காஞ்சு போச்சேன்னு இன்னும் ஒரு சொம்பு ஊத்துவ. கழுத்தளவு தண்ணில நின்னுக்கிட்டே தாகத்துல சாகுது ஒன் செடி.

நம்ம கொடிக்கால்ல பாத்திக்குப் பாத்தி ஆழமா வடிகால் வெட்டி வச்சிருக்கேனே, நீ சின்னப் புள்ளையில காகிதக் கப்பல் விட்டியே, அது நீ கப்பல் விடுறதுக்குன்னா நெனச்ச? வெத்தலைக்கு ஈரம் எப்பவும் வேணும். ஆனா தேங்கக் கூடாது. ஒரு வருசம் ஐப்பசி அடைமழைல வடிகால் தூந்து போனத நான் கவனிக்கல. வாடல் நோய் விழுந்து, பத்து நாள்ல முக்காவாசிக் கொடி தலையத் தொங்கப் போட்டுருச்சு. அன்னைக்கு நான் கத்துனது நீ முந்தாநாள் போட்ட கத்த விடப் பெருசு. அதனால ஒன்னைய ரொம்பவும் வைய எனக்கு யோக்கியதை இல்ல. கொஞ்சமா வைய மட்டும்தான் இருக்கு.

இனிமே என்ன பண்ணணும்னா, செடிய வெளிய எடுத்து வேரக் கழுவு. காப்பி நெறத்துல இருக்கிறத எல்லாம் கத்தரிச்சு வீசு. வெள்ளை வேரு நாலு மிஞ்சுனாக் கூடப் போதும், பொழைச்சுக்கும். அடியில ஓட்டை போட்ட மண்தொட்டியா, ரொம்பப் பெருசா இல்லாம வாங்கு. சின்னப் புள்ளைக்கு அப்பன் சட்டைய மாட்டுன கணக்கா, சின்ன வேருக்குப் பெரிய தொட்டி வச்சா, வேரு குடிக்காத மண்ணுல ஈரம் அப்புடியே நிக்கும். செம்மண்ணு, ஆத்து மணல், மக்குன தொழுவுரம், கொஞ்சம் தென்னை நார்க்கழிவு, அடுப்புக்கரிய நொறுக்கி ஒரு கைப்பிடி. நார்க்கழிவ மட்டுமே ரொப்பி விக்கிறாக ஒங்க ஊர்ல. அது மேல பாத்தாக் காஞ்சிருக்கும், உள்ள பிழிஞ்சா ஒழுகும், சில மனுசங்க மாதிரி. பீங்கான் தொட்டி வீணாப் போச்சேன்னு அழுகாத. அதக் குடை சொருகி வைக்க வச்சுக்கோ.

தண்ணி எப்ப ஊத்தணும்னு போன்கிட்டக் கேக்காத, விரல்கிட்டக் கேளு. ஆள்காட்டி விரல ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுல விடு. ஈரம் ஒட்டுச்சுன்னா அன்னைக்கு லீவு. காஞ்சிருந்தா ஊத்து. ஊத்துறத அடி ஓட்டை வழியா வழியுற வரைக்கும் ஊத்தி, தட்டுல நிக்கிற தண்ணியக் கொட்டிரு. நாளாக நாளாகத் தொட்டியத் தூக்கிப் பாத்தாலே கனத்துல தெரிஞ்சிரும். சித்திரை வெயில்ல வாரம் ரெண்டு தடவ கேக்கும், கார்த்திகைல பத்து நாளானாலும் கேக்காது. மத்த மூணு பேருக்கும் சேத்து, தொட்டி மேல 'இங்கு தண்ணீர் ஊற்றாதீர்'னு ஒரு போர்டு மாட்டிரு. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அவ வந்தா நீ செடியத் தூக்கி ஒளிச்சு வச்சிர வேண்டியதுதான்.

அடுத்தது வெளிச்சம். டீவிக்குப் பின்னால அந்த மூலையில வச்சிருந்தியே, அங்க எலி கூட டார்ச்சு இல்லாமப் போகாது. கேட்டா, "நிழல்ல வளர்ற செடி தாத்தா"ங்கிற. நிழல் வேற, இருட்டு வேற தாயி. வெத்தலையும் நிழல்ல வளர்றதுதான். அதுக்குத்தான் மொதல்ல அகத்திய வெதைச்சு, அது வளந்து நிழல் கட்டுன பெறகு கொடி நடுறோம். ஆனா அகத்தி இலை எப்புடி? வெரல் நகம் கணக்காப் பொடி இலை. வெயிலச் சல்லடையில சலிச்சு உள்ள விடும். சலிச்ச வெயில்தான் கொடிக்குத் தீனி. ஒன் வீட்டுல கெழக்க பாத்த சன்னல் ஒண்ணு இருக்கே, நீ துணி காயப் போட்டு அடைச்சு வச்சிருக்கியே, அதுக்கு மூணடி உள்ள தள்ளி வையி. மேக்கால பால்கனில வைக்காத, மூணு மணி வெயில் நேரா அடிச்சா இலை தோசைக்கல்லுல விழுந்த மாதிரி கருகிரும். எடம் சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு. பகல்ல லைட்டுப் போடாம அங்க உக்காந்து தினத்தந்தி படிக்க முடியுதான்னு பாரு. என் கண்ணுக்கே எழுத்துத் தெரிஞ்சா அந்த எடம் கொடிக்கு ஆகும்.

"வெள்ளைப் பூச்சு பூச்சா இருந்த இலை எல்லாம் வெறும் பச்சையா மாறிருச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு வேற சொன்ன. அவன ஏன் வையிற? இலையில பச்சைதான் சோறாக்கும். வெள்ளை சும்மா அழகுக்கு உக்காந்து திங்கும். வெளிச்சம் பத்தாத எடத்துல கொண்டு போய் வச்சா, கொடி பாவம் என்ன பண்ணும்? நகைய அடகு வச்சு அரிசி வாங்குது. வெளிச்சம் குடுத்துப் பாரு, புதுசா வர்ற இலையில கொஞ்சம் நகை திரும்பும்.

இப்ப எனக்கு ரொம்ப நாளா நெஞ்சுல கெடக்குற விசயத்துக்கு வாரேன். நீ அதத் தூக்குல போட்டிருந்தியே, அதச் சொல்றேன். கொடிய மேல கொக்கியில மாட்டி, அங்கருந்து ஆறடி கீழ தொங்க விட்டு, "அருவி மாதிரி இருக்குல்ல தாத்தா?"ன்ன. இருந்துச்சு, சித்திரை மாசத்துக் குத்தால அருவி மாதிரி. மேல நாலு விரக்கடை இருந்த இலை, கீழ வர வர ஒத்த ரூவாத் துட்டு கணக்காச் சிறுத்துப் போயி, இலைக்கும் இலைக்கும் நடுவுல வெறும் தண்டுதான் ஒரு சாணுக்கு நீண்டு கெடக்கு.

அது ஏறுற சாதி தாயி. கணுவுக்குக் கணு பழுப்பா ஒரு மொட்டு துருத்திக்கிட்டு நிக்கிதே, நீ நோவுன்னு நெனச்சு நகத்தால கிள்ளிவிட்ட, அதுதான் அதோட கையி. பிடிக்க எதாச்சும் கெடைக்கிதான்னு ஒவ்வொரு கணுவுலயும் கைய நீட்டிப் பாக்குது. நீ ஒவ்வொண்ணாக் கிள்ளிக்கிட்டு வந்திருக்க.

நம்ம தெரு வாத்தியார் மகன் விவசாயக் கல்லூரில படிக்கிறான்ல, அவனப் பிடிச்சு உக்கார வச்சு, நாலு எளநி வெட்டிக் குடுத்து இந்தக் கொடியோட பூர்வீகத்த விசாரிச்சேன். மூணாவது எளநில எல்லாத்தையும் கக்கிட்டான். இதுக்குச் சொந்த ஊரு பசிபிக் கடல்ல தாஹிட்டிக்குப் பக்கத்துல இருக்கிற மோரேயாங்கிற குட்டித் தீவாம். 1880ல மொதமொதல்ல இதுக்குப் பொதாஸ்னு பேரு வச்சாக. பெறகு சிண்டாப்ஸஸ்னாக. அதுவும் பிடிக்காம ராஃபிடோஃபோராவுக்குத் தூக்கிப் போட்டு, 1960கள்ல எபிப்ரெம்னம் ஆரியம்னு வந்து நின்னாக. நம்ம ரேசன் கார்டுல ஒங்க அப்பன் பேரத் திருத்துன கதையேதான். 'ஆரியம்'னதும் எனக்குக் கேப்பைதான் ஞாபகம் வந்துச்சு, சில ஊர்ல கேப்பைய அப்புடித்தான் சொல்லுவாக. இல்லையாம், தங்கநெறம்னு அர்த்தமாம். ஒங்க அப்பத்தாவுக்கு இது எதுவும் ஏறல. "எல்லாரும் மணி செடி, மணி செடிங்கிறாகளே, எந்த மணியோட செடி?"ன்னு கேட்டா. நம்ம மேலத்தெருவுலயே மூணு மணி இருக்கான். மூணு பேரும் எங்கிட்டக் கடன் வாங்குனவனுக. அவனுக செடியா இருந்தா இம்புட்டுப் பசேல்னு இருக்காது.

இதோட இலை சன்னல் ஓரத்துல உள்ளங்கை அகலம்தான். ஆனா பெரிய மரமாப் பாத்து ஏற விட்டா அறுபதடி வரைக்கும் போகுமாம். போகப் போக இலை பெருத்து, மூணடி நீளம், ஒண்ணரையடி அகலம் வரைக்கும் வந்து, ஓரமெல்லாம் கிழிஞ்சு தொங்குமாம். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப, தென்னையில மொறம் மொறமா ஒரு கொடி ஏறி நின்னத நானே பாத்திருக்கேன். இது என்ன கொடின்னு கேட்டதுக்கு, "மணி பிளான்ட் அண்ணாச்சி"ன்னான். நான் நம்பல. கேலி பண்றான்னு கோவிச்சுக்கிட்டுப் பந்தியில உக்காந்துட்டேன்.

இதுல எனக்கு ஒரு வேடிக்கை. நம்ம வெத்தலை இதுக்கு நேர் மாறு. ஒரு வருசத்துல பத்தடி ஏறுச்சுன்னா இலை சிறுக்க ஆரம்பிச்சிரும். அதனாலதான் பங்குனி வாக்குல கொடிய எறக்கி, சுருட்டி, அடியில மண்ணுல பதிச்சு, நுனிய மட்டும் மறுபடி அகத்தியில ஏத்துறோம். வெத்தலைய எறக்குனாத்தான் இலை. இந்தத் தீவுக்காரன ஏத்துனாத்தான் இலை. நீ என்னடான்னா, கொடிக்கால்ல பாத்தது அரைகுறையா மனசுல தங்கி, இதையும் எறக்கி விட்டிருக்க போல. ரத்தம் பேசுது, ஆனாத் தப்பாப் பேசுது.

கடையில 'மாஸ் போல்'னு ஒரு குச்சிய எழுநூறு ரூவாய்க்கு விக்கிறான்னு மாப்பிள்ளை காட்டுனாரு. வேணாம். ரெண்டங்குல பிளாஸ்டிக் குழாய் நாலடி எடு. அதுல தென்னங்கயித்த நெருக்கமாச் சுத்து. தொட்டிக்கு நடுவுல ஆடாம ஊனு. கொடிய அதுல சாத்தி, கணு கயித்த ஒட்டுற மாதிரி, சாணுக்கு ஒரு எடத்துல கட்டு. வாழை நார் ஊர்லருந்து அனுப்புறேன். பிளாஸ்டிக் கட்டு போட்டு இறுக்குனா தண்டு பெருக்கையில அறுத்துரும். கட்டுக்குள்ள சுண்டுவிரல் நொழையணும், அதுதான் கொடிக்கால் கணக்கு. கயித்துக்கு அப்பப்பத் தண்ணி தெளிச்சு ஈரமா வச்சா, வேரு கயித்தக் கடிச்சுப் பிடிச்சிரும். பிடிச்ச பெறகு வர்ற இலையப் பாரு, மொத இலைக்கும் நாலாவது இலைக்கும் வித்தியாசம் ஒனக்கே தெரியும். ஆனா மொறம் கணக்கா வரும்னு காத்திருக்காத. மொறத்துக்குத் தென்னை வேணும், ஒன் ஒம்பதாவது மாடில தென்னை வைக்க விட மாட்டாக. சுவத்துல மட்டும் ஏத்திப்புடாத. வேரு ஒட்டிக்கிட்டா, பிய்க்கையில பெயிண்டும் சேந்து வரும். வீட்டுக்காரரு அட்வான்சுல கை வச்சிருவாரு.

வாத்தியார் மகன் இன்னொண்ணும் சொன்னான், அதக் கேட்டு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. இந்தக் கொடி பூக்காதாம். தானாப் பூத்ததாப் பதிவு இருக்கிறது கடைசியா 1964லயாம். பூக்கிறதுக்கு வேண்டிய ஜிப்பரெல்லின்னு ஒரு சரக்க அதால உண்டாக்க முடியல, அதுக்கான மரபணு ஒண்ணு கெட்டுப் போயிருக்குன்னு 2016ல கண்டுபிடிச்சாகளாம். பூ இல்லேன்னா வெதை இல்ல. அப்ப இம்புட்டு வீட்டுல, இம்புட்டு ஆபீசுல நிக்கிறதெல்லாம்? அம்புட்டும் கணு வெட்டி, கணு வெட்டி, கைமாத்திக் கைமாத்தி வந்ததுதான். ஒன் வீட்டுல தொங்குறதும் அப்புடி எவனோ எப்பவோ வெட்டுனதுல ஒரு துண்டு. அதனால வெட்டுறத நீ பெரிய கொலைக்குத்தமாப் பேசாத. இத மனசுல வச்சுக்கோ, பூனை கேசுக்கு ஒதவும்.

வெட்டி வைக்கிறதுன்னா கணு சேத்து வெட்டணும். வெறும் இலைய மட்டும் கிள்ளித் தண்ணில போட்டு வச்சிருந்தியே அடுப்படில, அது வேரு விட்டாலும் விடும், கொடி விடாது. வருசக் கணக்கா அப்புடியே நிக்கும், வேலைக்குப் போகாத தாய்மாமன் மாதிரி. கணுவுக்கு ஒரு விரக்கடை கீழ வெட்டித் தண்ணில வையி, ரெண்டு மூணு வாரத்துல வேரு வரும். வாரம் ஒருக்காத் தண்ணிய மாத்து. கண்ணாடிச் சீசால வச்சாப் பாசி பிடிக்கும். கருப்பு, காப்பி நெறச் சீசா நல்லது. அந்தக் காலத்துல தாலுகா ஆபீசு சன்னல் பூராவும் பிராந்திப் பாட்டில்ல இந்தக் கொடி நிக்குமே, அதுல ஒரு சூட்சுமம் இருக்கத்தான் செய்யுது. பாட்டில் எப்புடி வந்துச்சுன்னு மட்டும் கேக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கிட்டக் கேட்டாக் கெடைக்கும்னு நெனைக்கிறேன், பரண் மேல அட்டைப் பெட்டிக்குப் பின்னால பாரு.

உரம்கிற பேர்ல முட்டை ஓடு, வாழைப்பழத் தோலு, சீனி போட்ட டீத்தூளுன்னு கொட்டி வச்சிருந்தத நான்தான் அள்ளிப் போட்டேன். செடி திங்கல, எறும்பு தின்னுச்சு. மாசம் ஒரு தடவ மண்புழு உரம் ஒரு பிடி போதும். இலையில தேங்காண்ணெய் தடவிப் பளபளப்பு ஏத்தாத, தூசி அதுலதான் அப்பும். ஈரத்துணியால தொடை. கணுச் சந்துல பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா மாவுப்பூச்சி, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் கலந்து தொடைச்சு விடு. ஏசிக் காத்து நேரா அடிக்கிற எடத்துல வைக்காத. நானே ரெண்டு நாள்ல வறண்டு போனேன். காலைல இலை நுனியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்கிதுன்னு வீடியோ எடுத்து அனுப்புனியே, "செடி அழுகுது தாத்தா"ன்னு, அது அழுகல. ராத்திரி வேரு குடிச்சதுல மிச்சத்த நுனி வழியா விட்டிருக்கு. அம்புட்டுத்தான்.

மாப்பிள்ளை ஒரு ராத்திரி என்னைய உக்கார வச்சு நாசாவப் பத்திப் பாடம் எடுத்தாரு. 1989ல நாசாக்காரன் சொல்லிட்டான், இந்தச் செடி காத்துல இருக்கிற வெசத்த எல்லாம் இழுத்துரும், அதனாலதான் தாத்தா வாங்குனோம்னாரு. மாப்பிள்ளை பேச்ச மறுக்கக் கூடாதுன்னு தலைய ஆட்டுனேன். ஊருக்கு வந்து விசாரிச்சா, நாசாக்காரன் பாத்தது நெசந்தான், ஆனா காத்துப் போகாம அடைச்ச ஒரு சின்னப் பெட்டிக்குள்ள வச்சுப் பாத்திருக்கான். பெறகு 2019ல ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 12 ஆராய்ச்சிகளக் கூட்டிக் கழிச்சுப் பாத்து, வீட்டுல சாதாரணமா வந்து போற காத்து பண்ற வேலையச் செடி பண்ணணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10லருந்து 1000 செடி வரைக்கும் வேணும்னு எழுதியிருக்காங்க. ஒன் ஹாலு பதினஞ்சுக்குப் பன்னெண்டு. கணக்குப் போட்டா கொறைஞ்சது 160 தொட்டிக்கு மேல வருது. சோபாவ வித்துரு, பூனைய வெளிய அனுப்பு, நீங்க மூணு பேரும் தொட்டிக்கு நடுவுல நின்னுக்கிட்டே தூங்குங்க. இல்லாட்டி, காயப் போட்ட துணிய எடுத்துட்டு அந்தச் சன்னலத் தொறங்க. காசா பணமா?

காசுன்னதும் ஞாபகம். தென்கெழக்கு மூலையில வச்சாப் பணம் கொட்டும்னு எவளோ ஒன் தோழி சொன்னாளாம், திருடிக் கொண்டாந்து வச்சாத்தான் செழிப்பா வரும்னும் சொன்னாளாம். பணம் கொட்டுற கணக்கு எனக்குத் தெரியாது. 2023ல நம்ம சோழவந்தான் வெத்தலைக்குப் புவிசார் குறியீடு குடுத்தாக, மேடை போட்டு மாலை மரியாதை எல்லாம் நடந்துச்சு. ஒலகப் பெருமை வந்தும் மறுநாள் மண்டியில அதே வெலைதான் சொன்னான். கொடியில பணம் காய்க்கும்னா மொதல்ல எங்க வீட்டுலதான் காய்ச்சிருக்கணும். ஆனா திருடி வச்சா வளரும்கிறத மட்டும் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

சரி, பூனைய விசாரிப்போம்.

சேனை, கருணை, சேம்பு இருக்கே, ஒன் மணி பிளான்ட் அதுகளுக்குப் பங்காளி. ஒரே குடும்பம். சேனைய அரிஞ்சா கை அரிக்கிதுல்ல, வேகாம வாயில போட்டா நாக்குத் தடிச்சிருதுல்ல, அதே சரக்குத்தான் இதுலயும். கால்சியம் ஆக்சலேட்டுன்னு கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா இலை, தண்டு எல்லாத்துலயும் இருக்கு. கடிச்சா வாயெல்லாம் குத்தும். ஒங்க அப்பத்தா வந்த அன்னைக்குச் சாப்ட்டு முடிச்சு, பழக்க தோசத்துல, "அட, பேத்தி வீட்டுலயே வெத்தலை வச்சிருக்காளே"ன்னு ரெண்டு இலையக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவிட்டா. மடிச்சு வாய்க்கிட்டக் கொண்டு போறப்ப நான் தட்டி விட்டேன். அம்பது வருசத்துல அவ கையத் தட்டுன மொத தடவ. ரெண்டு நாள் எங்கூடப் பேசல. பாக்க அசப்புல வெத்தலை மாதிரியேதான் இருக்கு, கொடிக்காலுக்காரன் பொண்டாட்டியே ஏமாந்துட்டா. சின்னவன் நடக்க ஆரம்பிச்சிட்டான், எட்டுற ஒசரத்துல வைக்காத. தெரியாமக் கடிச்சுட்டான்னா வாயத் தொடைச்சுக் கொப்புளிக்க வச்சுப் பால் குடு, வீங்குச்சுன்னா டாக்டர்கிட்ட ஓடு.

இப்பச் சொல்லு. ஒரு பூனை அந்தக் கொடியக் கடிச்சு, ஒரு முழம் துண்டாக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்து, முன்னங்காலால மூஞ்சியத் தேச்சுக்கிட்டு ஓடியிருக்கும். ஒன் பூனை அன்னைக்கு என்ன பண்ணுச்சு? நீயே சொன்ன, தயிர்சோறு தின்னுட்டு மாப்பிள்ளை லாப்டாப்பு மேல படுத்துத் தூங்குச்சுன்னு. சரி, துண்டான நுனி எங்க? வீடு பூராத் தேடியும் கெடைக்கலைன்ன. பூனை முழுங்கியிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரில ஆயிரக் கணக்குல பில்லு கட்டியிருப்ப.

நீ அனுப்புன போட்டோவ வாத்தியார் மகன் போன்ல பெருசாக்கிப் பாத்தேன். வெட்டு கணுவுக்குச் சரியா ஒரு விரக்கடை கீழ விழுந்திருக்கு. சாய்வா விழுந்திருக்கு. ஒரே போடு, நார் பிசிறு இல்ல. பூனைப் பல்லுக்கு அம்புட்டுத் தொழில் தெரியாது தாயி. நல்லாச் சாணை பிடிச்ச பாக்குவெட்டி, அதையும் நாப்பது அம்பது வருசம் பழகுன கை பிடிச்சாத்தான் அப்புடி விழும். நான் ஊருக்குக் கெளம்புன அன்னைக்குக் காலைல, நீ கீழ ஆட்டோவ நிறுத்திட்டு "தாத்தா, நேரமாச்சு"ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்த. என் வெத்தலைப் பெட்டியத் தேடுறேன்னு நான் உள்ள கொஞ்ச நேரம் நின்னேன்ல, ஞாபகம் இருக்கா?

மூணு கணு. ஈரத்துணில சுத்திப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். இப்பக் கெணத்தடித் தென்னையில ஏத்தி விட்டிருக்கேன். அந்த ஒத்த மரத்தத் தாண்ட விட மாட்டேன். ஹவாய், ஃபுளோரிடாப் பக்கமெல்லாம் இது காட்டுக்குள்ள தப்பிப் போயி அடங்காம ஏறுதாம். நாலு இலை விட்டிருக்கு. நாலாவது இலை என் உள்ளங்கையத் தாண்டிருச்சு, ஒன் வீட்டுல இம்புட்டு நாள் ஒண்ணு கூட அந்த அளவுக்கு வரல.

பூனைக்கு நிறுத்துன பால, ஆடையோட சேத்து ஊத்திரு. அப்பத்தா பறிச்சிரக் கூடாதுன்னு தென்னையச் சுத்திக் கருவேல முள்ளு கட்டி வச்சிருக்கேன். எதுக்கு முள்ளுன்னு தெனமும் கேக்குறா. ஆடு வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன், நீயும் அதையே சொல்லு.

இப்படிக்கு,
தாத்தா